இசைத்தட்டுக்கு ஆம்ப்ளிபயர் வாங்கப் போகிறீர்களா?

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா. கோயிலைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, காற்றோடு வரும் பாட்டைக் கேட்டுத் திருவிழாவை அறிந்துகொண்ட தலைமுறை ஒன்று நம் பக்கத்தில் உண்டு. இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பரமத்தியிலும் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் முதல் நாள் மாலையே மைக்செட்காரர் வந்து இறங்கிவிடுவார். தென்னை மரத்தில் குழாய் ஏறும். பந்தலின் மூலையில் ஒரு மரப்பெட்டி; அதன்மேல் சுழலும் கறுப்புத் தட்டு. ஊசி எப்போது கடைசி வரிக்கு வரும் என்று சிறுவர் கூட்டம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு ஒலிநாடா வந்தது; அதன் பின் குறுந்தகடு; அதற்கும் பின் சட்டைப் பையில் அடங்கும் பென் டிரைவ். இசைத்தட்டுகள் பரணுக்குப் போயின. இப்போது அவை மெல்லக் கீழே இறங்கி வருகின்றன. அப்பா சேர்த்து வைத்த தட்டுகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவற்றைக் கேட்க ஒரு பிளேயர் வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்கப் போகிறீர்கள். கையில் இருக்கும் பணம் கொஞ்சம். எந்த ஆம்ப்ளிபயர் வாங்குவது?

இந்தக் கேள்வியை ஊரில் யாரிடம் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "எத்தனை வாட் வேணும்?" அந்தக் கேள்வியில்தான் தவறு தொடங்குகிறது.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கடைக்காரர் கொடுத்த ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்து, அதன் 'ஆக்ஸ்' துளையில் பிளேயரின் வயரைச் செருகினேன். கொசு பாடுவது போல ஒரு மெல்லிய ஒலி வந்தது. ஒலியைக் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். கொசு கொஞ்சம் பெரிதாயிற்று. கூடவே 'ம்ம்ம்' என்ற உறுமலும் வந்தது. தவில் ஒலியைக் காணவே காணோம். மறுநாள் கடைக்காரரிடம் சொன்னேன். "வாட்டு பத்தலைங்க, இன்னும் பெருசா எடுத்துக்குங்க" என்றார். மேலும் பணம் கொடுத்து இரண்டு மடங்கு வாட் உள்ளதை எடுத்து வந்தேன். அதிலும் அதே கொசுதான்! கடைக்காரர் மீது பிழை சொல்ல முடியாது. அவர் மைக்செட் பழகியவர். அந்தத் தொழிலில் அவர் சொன்னது சரி. வீட்டுக்குத்தான் அது பொருந்தவில்லை.

ஏன் பொருந்தவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பது தானே விளங்கிவிடும்.

ஊசியிலிருந்து புறப்படும் மின்சாரம்

பழைய மைக்செட் பிளேயர்களிலும், எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிப் பிளேயர்களிலும் ஊசியின் பின்னால் இருந்தது ஒரு சிறு படிகம். சில படிகங்களை வளைத்தாலோ அழுத்தினாலோ அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் பிரான்ஸ் நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். தொடக்ககாலப் பிக்கப்புகளில் இதற்குப் பயன்பட்டது ரோச்செல் உப்பு என்னும் படிகம். அது அரை வோல்ட் வரையும் அதற்கு மேலும் கொடுக்கும். இவ்வளவு வலுவான மின்னழுத்தம் கிடைத்தால் ஆம்ப்ளிபயருக்கு வேலை சுலபம். எந்தத் துளையில் செருகினாலும் பாட்டு வந்துவிடும்.

ஆனால் ரோச்செல் உப்பு ஏறக்குறைய 55 டிகிரி வெப்பத்தில் சிதைந்துவிடும். சித்திரை வெயிலில் சேலத்துத் தெருவில் மூடிவைத்த பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர் வந்த செராமிக் பிக்கப் வெப்பத்தைத் தாங்கியது. எனினும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. படிகம் விறைப்பானது, அதை வளைக்க வலிமை வேண்டும். எனவே ஊசி 5 கிராம் அல்லது அதற்கும் மேற்பட்ட எடையுடன் தட்டின்மேல் அமர வேண்டியிருந்தது. பழைய தட்டுகளில் பல, பாட்டு வரிகள் வெளுத்துச் சாம்பல் நிறமாகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று மலிவாக விற்கும் சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றிலும் இதே செராமிக் பிக்கப்தான் இருக்கிறது. அப்பாவின் தட்டுகளை அதில் தினமும் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சற்று நல்ல பிளேயர்களில் இருப்பது காந்தப் பிக்கப். ஊசித் தண்டின் மறுமுனையில் கடுகளவு காந்தம். அருகே நுண்ணிய கம்பிச்சுருள்கள். காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் தோன்றும். 1831இல் ஃபாரடே கண்ட விதிதான் இது. மேட்டூர் அணையில் மின்சாரம் தயாராவதும் இதே விதியால்தான்! இதில் ஊசியின் எடை 2 கிராம் அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும். தட்டு நெடுநாள் வாழும்.

ஆனால் கிடைக்கும் மின்னழுத்தம் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். படிகம் கொடுத்ததில் நூறில் ஒரு பங்கு. 'ஆக்ஸ்' துளை எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். என் கொசுவின் பிறப்பிடம் இதுவே. நான் வாங்க வேண்டியிருந்தது கூடுதல் வாட் அன்று. அந்த 4 மில்லிவோல்ட்டை முதலில் நூறு மடங்காக்கும் ஒரு சிறு பெருக்கி. அதற்குப் 'போனோ பிரீஆம்ப்' என்று பெயர்.

"நூறு மடங்காக்குவதுதானே? மைக் துளையில் செருகினால் போகிறது; அதுவும் மில்லிவோல்ட்டுக்குத்தானே அமைந்தது!" என்று ஒரு மைக்செட் நண்பர் எனக்கு வழி சொன்னார். செய்து பார்த்தோம். ஒலி நன்றாகவே எழுந்தது. ஆனால் தகர டப்பாவைச் சுரண்டுவது போலக் கீச்சென்றிருந்தது. ஏன்?

தட்டில் ஒளிந்திருக்கும் கணக்கு

காந்தப் பிக்கப் கொடுக்கும் மின்னழுத்தம், ஊசி எவ்வளவு தூரம் அசைகிறது என்பதைப் பொறுத்ததன்று. எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. ஊசியின் உச்ச வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 1,000 அதிர்வுகள் உள்ள ஒலியில் இந்த வேகம் வருவதற்கு, ஊசி நடுக்கோட்டிலிருந்து 8 மைக்ரான் விலகினால் போதும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். 10,000 அதிர்வுகள் உள்ள கீச்சொலிக்கு ஒரு மைக்ரான்கூட வேண்டியதில்லை. ஆனால் 50 அதிர்வுகள் உள்ள அடித்தொனிக்கு? ஊசி ஏறக்குறைய 160 மைக்ரான் விலக வேண்டும்!

இங்கேதான் சிக்கல். நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 100 மைக்ரான். அடித்தொனியை உள்ளபடியே வெட்டினால், வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்தவர் வயலுக்குள் புகுந்த ஏர் போல ஊசி பக்கத்துப் பாதைக்குள் புகுந்துவிடும். இடைவெளியை அகலமாக்கலாம், ஆனால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டு அடங்காது. மற்றொரு புறம், கீச்சொலியின் அசைவோ தட்டின் மேற்பரப்பிலுள்ள தூசி அளவே இருக்கிறது. 'உஸ்' என்ற இரைச்சலில் அது மூழ்கிவிடும்.

பொறியாளர்கள் செய்த தந்திரம் இது. தட்டை வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து வெட்டினார்கள். 50 அதிர்வில் அது ஏழில் ஒரு பங்காகிறது. கீச்சொலியை உயர்த்தி வெட்டினார்கள். 10,000 அதிர்வில் அது ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. கேட்கும்போது ஆம்ப்ளிபயர் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். முதலில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவில் வெட்டிக்கொண்டிருந்தது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரே அளவை வகுத்தது. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற நான்கு எழுத்துகள். நாளடைவில் உலகம் முழுவதும் அந்த அளவே நிலைத்துவிட்டது.

மைக் துளைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. குறைத்து வெட்டிய அடித்தொனியைக் குறைவாகவும், உயர்த்தி வெட்டிய கீச்சொலியை உயர்வாகவும் அப்படியே பெருக்கிக் கொடுத்தது. அதனால்தான் தகர டப்பா.

அப்படியானால் பழைய படிகப் பிக்கப்பில் எப்படிச் சரியாகக் கேட்டது? படிகம் வேகத்தை அளப்பதன்று, விலகலை அளப்பது. அடித்தொனியைக் குறைத்துக் கீச்சொலியை உயர்த்தி வெட்டியதால் எல்லாத் தொனிகளின் விலகலும் ஓரளவு நெருங்கி வந்துவிட்டன. ஆகவே படிகம், யாரும் சொல்லாமலே பாதிக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டது. மைக்செட்காரர்கள் பல்லாண்டுகள் தட்டுகளோடு வாழ்ந்தும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பெயரைக் கேட்க வேண்டிய தேவை எழாதது இதனால்தான்.

வாட் எவ்வளவு வேண்டும்?

திருவிழாவில் ஒலி ஊரின் மறுகோடி வரை போக வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். எனவே மைக்செட்டுக்கு வாட் உயிர்நாடி. வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஸ்பீக்கரிலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில். சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் அளவு ஒலி எழும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க 75 டெசிபல் போதும். கணக்கிட்டால் கால் வாட் அளவில் வேலை முடிந்துவிடுகிறது. திடீரென்று தவில் முழங்கும் உச்சங்களுக்காகப் பல மடங்கு விட்டுவைத்தாலும் 10 வாட்டைத் தாண்டாது. நல்ல 15, 20 வாட் தாராளம்.

நம் காது திறனுக்கு நேர் விகிதத்தில் கேட்பதும் இல்லை. ஒலி இரு மடங்கு பெரிதாகத் தோன்ற, திறன் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். பெட்டியின்மேல் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று அச்சிட்டிருந்தால் புன்னகையுடன் கடந்துவிடுங்கள். ஓர் இமைப்பொழுதுக்குக் கற்பனையில் கிடைக்கும் திறன் அது. தொடர்ந்து தரக்கூடிய 'ஆர்.எம்.எஸ்.' வாட் எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்று கேளுங்கள்.

நம் ஊரில் கிடைப்பவை

வாகனங்களில் பாட்டுக் கேட்பதற்கென்றே உருவான 4440 என்னும் ஐ.சி. இன்றும் ரேடியோக் கடைகளில் கிடைக்கிறது. லாரித் தொழிலில் பெயர் பெற்ற நாமக்கல்லில் இதை அறியாத எலக்ட்ரீசியன் இருப்பாரா என்பது ஐயமே. இது பக்கத்துக்கு 6 வாட் தரும். சிறிய அறைக்கு இதுவேகூடப் போதும். இதைவிட நல்லது டி.பி.ஏ. 3116 என்னும் 'டி' வகை ஐ.சி. பொருத்திய உள்ளங்கை அளவு ஆம்ப்ளிபயர். 24 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 30 வாட் தரும். பழைய வகை ஆம்ப்ளிபயர்கள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குபவை; இது மிகக் குறைவாகவே சூடாகும். கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் சமவெளியில் இது சிறிய நன்மை அன்று.

இவை இரண்டிலும் போனோ கிடையாது. அதைத் தனியாக வாங்க வேண்டும். என்.இ. 5532 என்ற ஐ.சி. கொண்ட போனோ போர்டு சில நூறு ரூபாயில் கிடைக்கும். கடையில் 'பிரீஆம்ப்' என்று மட்டும் கேட்டால் மைக் போர்டையோ பாஸ்-டிரிபிள் போர்டையோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 'ஆர்.ஐ.ஏ.ஏ., காந்தப் பிக்கப்புக்கு, 47 கே' என்று சொல்லிக் கேளுங்கள். 47 கே என்பது பிக்கப் எதிர்பார்க்கும் 47,000 ஓம் மின்தடை.

புதிய பிளேயர்கள் சிலவற்றில் போனோ பெருக்கி உள்ளேயே இருக்கும். பின்புறம் 'போனோ - லைன்' என்று ஒரு சுவிட்ச் காணப்படும். இருந்தால் 'லைன்' பக்கம் தள்ளிவிட்டு எந்த ஆம்ப்ளிபயரிலும் இணைக்கலாம், செலவு மிச்சம். ஆனால் அதை 'லைன்' நிலையில் வைத்து, ஆம்ப்ளிபயரின் 'போனோ' துளையில் செருகாதீர்கள். இரண்டு முறை பெருக்கி, ஒலி நொறுங்கிவிடும்.

பழைய சாமான் கடையில் சோனோடைன், காஸ்மிக் போன்ற அந்தக் கால ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் கண்ணில் பட்டால் விட மனம் வராது. வாங்கலாம், ஆனால் போனோ துளை இருக்கிறதா, இருந்தால் காந்தத்துக்கா செராமிக்குக்கா என்று பாருங்கள். அக்காலத்தில் இரண்டும் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளில் உள்ளே இருக்கும் கன்டென்சர்கள் காய்ந்திருக்கும். அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மைக்செட் கடை மூடியபோது மலிவாக வந்த அஹூஜா ஆம்ப்ளிபயரை வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உழைப்பில் அதை மிஞ்ச முடியாதுதான். ஆனால் இத்தகைய பொதுமேடை ஆம்ப்ளிபயர் பெரும்பாலும் மோனோ. காந்தப் பிக்கப்புக்கு வேண்டிய போனோவும் அதில் இருப்பதில்லை. இவை இரண்டையும்விடப் பெரிய ஆபத்து அதன் பின்புறம் இருக்கிறது. ஸ்பீக்கர் முனைகளில் 4, 8, 16 ஓம் என்பவற்றோடு '100 வோல்ட்' என்றும் ஒரு முனை இருக்கும். நெடுந்தூரக் கம்பியில் மின்மாற்றி வைத்த குழாய்களை இணைப்பதற்கு உரியது அது. வீட்டு ஸ்பீக்கரை அதில் இணைத்தால் சுருள் எரிந்துபோகலாம்.

பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால் என் கருத்து இது: நல்ல ஊசி முதலில், அடுத்துப் போனோ, அதன் பின் ஸ்பீக்கர், கடைசியில்தான் ஆம்ப்ளிபயர். ஊசி தேய்ந்திருந்தால் மற்றவை எல்லாம் தேய்மானத்தைத்தான் பெருக்கிக் காட்டும்.

உறுமலும் தறியும்

4 மில்லிவோல்ட்டைப் பெருக்கும் பெருக்கி, பக்கத்தில் அலையும் 50 அதிர்வு மின்சாரத்தையும் விட்டுவைக்காது. பிளேயரிலிருந்து தனியே தொங்கும் மெல்லிய எர்த் கம்பியைப் போனோவின் திருகாணியில் முடுக்குங்கள். உறுமலில் பெரும்பகுதி அத்துடன் நிற்கும். மின்மாற்றி உள்ள பெட்டிகளைப் பிக்கப்பிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். உறுமலை நிறுத்துவதற்காகப் பவர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கே உலை வைக்கும் செயல் அது.

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடுத்த வீட்டில் விசைத்தறி ஓடினால் தரை அதிர்வதை நீங்கள் உணராவிட்டாலும் ஊசி உணரும். சில மைக்ரான் அசைவே அதற்குப் பாட்டு அல்லவா? பிளேயரை மேசையில் வைக்காமல், சுவரில் பதித்த கடப்பைக்கல் அலமாரியில் ரப்பர் அட்டையின்மேல் வையுங்கள். தறியை ஒட்டிய சுவராக மட்டும் இருக்க வேண்டாம். ஸ்பீக்கர்களை அதே பலகையில் வைத்தால், அவற்றின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து, மைக் ஊளையிடுவது போல ஊளையிடும்.

மோனோவும் 78உம்

1970களின் இறுதி வரை பெரும்பாலான தமிழ்த் திரைப்படத் தட்டுகள் மோனோ. மோனோ தட்டில் பாட்டு முழுவதும் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது; மேலும் கீழுமான அசைவு வெறும் இரைச்சல். ஆம்ப்ளிபயரில் 'மோனோ' சுவிட்ச் இருந்து அதைத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகி, மேல்கீழ் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். விலை ஒன்றாக இருந்தால் இந்தச் சுவிட்சும், பாஸ் - டிரிபிள் குமிழ்களும் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

அந்தக் குமிழ்கள் 78 சுற்றுத் தட்டுகளுக்கும் வேண்டும். டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் பாட்டுத் தட்டு ஏதேனும் உங்கள் பரணில் இருக்கக்கூடும். 1950இல் வந்த 'மந்திரிகுமாரி'யின் தட்டு என்றால் அது 1954ஆம் ஆண்டு அளவுக்கு முந்தியது. ஆர்.ஐ.ஏ.ஏ. போனோ வழியே கேட்டால் கீச்சொலி அளவுக்கு மீறி அடங்கி, பாடகர் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். டிரிபிள் குமிழைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஊசியைக் குமிழால் சரிசெய்ய முடியாது. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78இன் பள்ளத்துக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் போய், எழுபது ஆண்டுத் தூசியில் உருளும். மாறாக 78இன் ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் விளிம்பு கிழிந்துவிடும். உங்கள் பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் அதற்குரிய தனி ஊசியைப் பொருத்திய பிறகே அந்தத் தட்டைச் சுழல விடுங்கள்.